பதினோராவது ஆள் எங்கே?

2025 டிசம்பர் 3 தொடக்கம் 5 வரை, மூன்றே நாளில், இந்தியாவின் இண்டிகோ நிறுவனம் 2,507 விமானப் பயணங்களை ரத்து செய்தது. இன்னும் 1,852 பயணங்கள் தாமதமாகின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்த படங்களை நாங்களும் போனில் பார்த்தோம்.

கொட்டகலையில் இருக்கிற நமக்கு இதில் என்ன கதை? நம்மில் பாதிப் பேர் பிளேனில் ஏறியதே இல்லை. ஏறியவர்களில் அநேகம் பேர் கட்டுநாயக்கவில் ஏறி வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள். ஆனாலும் அந்த நாட்களில் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய பேச்சை நாங்கள் கவனித்தோம். "பைலட்மாருக்கு லட்சக்கணக்கில சம்பளம். அது பத்தாதுன்னு ரெஸ்ட் வேற கேக்குறாங்க. சங்கம் வச்சிருக்கிற திமிரு. சனம் ரோட்டுல கிடக்குது." இதுதான் சாரம்.

இந்தப் பேச்சு எங்களுக்குப் புதுசில்லை. ஆளையும் ஊரையும் மாற்றிப் பார்த்தால், சின்ன வயசிலிருந்து இதையே கேட்டு வளர்ந்திருக்கிறோம். "சம்பளத்தைக் கூட்டச் சொல்லி சங்கம் நிக்குது, அதனாலதான் தோட்டம் நட்டத்துல ஓடுது." பழக்கப்பட்ட பேச்சு என்பதால்தான் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க நினைத்தோம்.

முதலில் நடந்தது என்ன?

விமானிகள் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம், எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கு எல்லா நாடுகளிலும் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சட்டத்தை அங்குள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் திருத்தியது. வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆனது. இரவு நேரத்தில் ஒரு விமானி ஆறு தடவை தரையிறக்கலாம் என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. விமான நிறுவனங்கள் அவகாசம் கேட்டன, விதி தள்ளிப் போடப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடின. கடைசியில் 2025 ஜூலை 1இல் ஒரு பகுதியும் நவம்பர் 1இல் மீதியும் நடைமுறைக்கு வந்தன.

அதாவது விதி வரப்போகிறது என்பது ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்பே எல்லா நிறுவனத்துக்கும் தெரியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம். அதில் 36ஐ ஓய்வுக்குக் கழித்தால் மீதி 132. 48ஐக் கழித்தால் மீதி 120. பத்துப் பேர் 132 மணித்தியாலம் வீதம் கைவசம் இருந்தால் மொத்தம் 1,320. அதே 1,320ஐ ஆளுக்கு 120 வீதம் நிரப்ப வேண்டுமென்றால் பதினொரு பேர் வேண்டும். இது தோராயக் கணக்குத்தான். எந்த விமானியும் 132 மணித்தியாலமும் பறப்பதில்லை, இரவு விதியையும் சேர்த்தால் கணக்கு இன்னும் இறுகும். ஆனால் விஷயம் புரிகிறது. அதே அட்டவணையை அப்படியே ஓட்ட நினைத்தால், பத்துப் பேர் இருந்த இடத்தில் பதினோராவது ஆளை எடுத்திருக்க வேண்டும். அல்லது அட்டவணையைக் குறைத்திருக்க வேண்டும்.

இண்டிகோ போதுமான அளவில் இரண்டையும் செய்யவில்லை. இதை நாங்கள் எங்கள் கோபத்தில் சொல்லவில்லை. 2026 ஜனவரியில் விசாரணையை முடித்த அதே இயக்குநரகம் 22.20 கோடி இந்திய ரூபா அபராதம் போட்டபோது சொன்ன காரணங்களும் இதுதான்: ஆளையும் விமானத்தையும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து ஓட்டும் திட்டமிடல், புதிய விதிக்குத் தேவையான ஆயத்தமின்மை, மென்பொருள் குறைபாடு, நிர்வாகக் கோளாறு. சங்கத்தின் சதி என்று அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. வேலைநிறுத்தமே நடக்கவில்லை. விமானிகள் வேலைக்கு வந்தார்கள், சட்டம் சொன்ன நேரம் முடிந்ததும் நிறுத்தினார்கள். அவ்வளவுதான்.

அப்படியிருக்க பழி ஏன் விமானிகள் பக்கம் திரும்பியது?

எடுக்கப்படாத ஆளை யாரும் பார்க்க முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம். விமான நிலையத்தில் நிற்கிற பயணிக்கு முன்னால் இருப்பது மூடிய கதவும், கவுன்டரில் கைபிசைந்து நிற்கிற ஒரு பெண்ணும், "விமானி இல்லை" என்ற அறிவிப்பும்தான். "ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு கூட்டத்தில் ஆள் எடுக்க வேண்டாமென்று முடிவெடுத்தோம்" என்று எந்த ஒலிபெருக்கியும் அறிவிக்காது. அந்த அறையில் இருந்தவர்கள் விமான நிலையத்தில் நிற்பதுமில்லை. விமானிக்கோ சீருடை இருக்கிறது, முகம் இருக்கிறது, சங்கத்துக்கு ஒரு பேச்சாளர் இருக்கிறார். கோபம் முகம் இருக்கிற பக்கம்தான் போகும்.

இன்னொன்றும் நடந்தது. குழப்பம் உச்சத்தில் இருந்த டிசம்பர் 5ஆம் திகதி, இயக்குநரகம் இண்டிகோவுக்கு மட்டும் இரவு நேர விதிகளிலிருந்து 2026 பெப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. நாட்டின் உள்ளூர் விமானப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒரே நிறுவனம் வைத்திருக்கிறபோது, அது தடுக்கி விழுந்தால் நாடே விழும். அரசாங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்தன. நிறுவனம் செய்யாத வேலைக்கான விலையை விமானியின் தூக்கத்திலிருந்து வசூலித்தார்கள் என்று நாங்கள் இதைப் படிக்கிறோம். பிறகு அபராதம் போட்டார்கள், சேவைகளில் பத்து வீதத்தைக் குறைக்கச் சொன்னார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் நெருக்கடி வந்த நிமிஷத்தில் முதலில் தளர்த்தப்பட்டது தொழிலாளியின் ஓய்வு.

"தூக்கம் என்ன பெரிய விஷயம், நாங்களும்தான் பரீட்சைக்கு முதல் நாள் முழிச்சிருக்கோம்" என்று யாராவது கேட்கலாம். 2010 மே 22ஆம் திகதி துபாயிலிருந்து மங்களூர் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் தப்பினார்கள். கப்டன் பயணத்தின் பெரும்பகுதியில் தூங்கியிருந்தார், எழும்பிய மயக்கத்தோடு தரையிறக்க முயன்றார் என்பதை விசாரணை குறிப்பிட்டது. இறந்தவர்கள் பெரும்பாலும் வளைகுடாவில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். நம்ம வீட்டு ஆட்களைப் போன்றவர்கள். அதற்கு முந்திய வருஷம், 2009 பெப்ரவரியில், அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கொல்கன் எயார் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் பிராந்திய விமானிகளின் சோர்வும் சொற்பச் சம்பளமும் அங்கே பெரிய விவாதமாகி, ஓய்வு விதிகள் திருத்தப்பட்டன.

விமானம் விழுவது என்றால் என்னவென்று எங்கள் மலைக்கும் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்டின்எயார் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அது தூக்கத்தால் வந்த விபத்தல்ல, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்ததால் வந்தது. ஆனால் ஒன்றை அது நினைவுபடுத்துகிறது: மேலே இருப்பவரின் ஒரு கணப் பிழைக்குக் கீழே மருந்தே இல்லை.

இதற்கு மறுபக்கமான ஒரு கதையும் இலங்கையிலேயே இருக்கிறது. 2022 ஜூன் 13ஆம் திகதி லண்டனிலிருந்து 275 பயணிகளோடு கொழும்புக்கு வந்துகொண்டிருந்த யூ.எல். 504 விமானத்தை, துருக்கி வான்பரப்பில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறச் சொன்னார்கள். அதே 35,000 அடியில், வெறும் 15 மைல் தூரத்தில், பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் ஒன்று இருப்பதை ஸ்ரீலங்கன் விமானிகள் கண்டார்கள். ஏற மறுத்தார்கள். "பாதை தெளிவு, ஏறலாம்" என்று மீண்டும் சொல்லப்பட்டது. மீண்டும் மறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்தே அவசரமாக, ஏற வேண்டாம் என்று செய்தி வந்தது. இது அப்போது செய்திகளில் வந்த விபரம். நாடே பெற்றோல் வரிசையில் நின்ற அந்த ஜூன் மாதத்தில் நமக்குக் கிடைத்த ஒரு நல்ல செய்தி அது.

மேலிடம் சொல்கிறபோது "முடியாது" என்று சொல்வதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, முழித்திருக்கிற மூளை. இரண்டாவது, முடியாது என்று சொன்னதற்காக நாளைக்கு வேலை போகாது என்கிற தைரியம். முதலாவதை ஓய்வு விதி கொடுக்கிறது. இரண்டாவதை எது கொடுக்கிறது? நம்ம கருத்து, சங்கம்தான். தனி ஆளாக நின்று "எனக்கு அசதியா இருக்கு, இன்னிக்கு ஓட்ட மாட்டேன்" என்று சொல்கிற விமானியை ஒரு நிறுவனம் சுலபமாக ஓரங்கட்டலாம். ஆயிரம் பேர் சேர்ந்து அதை விதியாக்கிவிட்டால், அவர் சொல்வது அடம் இல்லை, சட்டம்.

அதனால்தான் சில முதலாளிகளுக்குச் சங்கத்தின் கோரிக்கையைவிடச் சங்கத்தில் சேர்வதே குற்றமாகப் படுகிறது. 2009 செப்டெம்பரில் ஜெட் எயார்வேஸில் நடந்தது இதுதான். அங்கே விமானிகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதை முன்னின்று தொடங்கிய இருவரை நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நேரத்தில் சுகயீன விடுமுறை போட்டார்கள். ஐந்து நாள் விமானங்கள் ஓடவில்லை, ஆயிரக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். நிறுவனத்தின் தலைவர் நரேஷ் கோயல், விமானிகளைப் பயங்கரவாதிகளோடு ஒப்பிட்டார். இலங்கையில் தமிழராகப் பிறந்த எங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக ஒருவர் மேல் ஒட்டும், ஒட்டினால் உரிக்க எவ்வளவு கஷ்டம் என்று விளக்க வேண்டியதில்லை. கடைசியில் நீக்கியவர்களைத் திருப்பி எடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2019 ஏப்ரலில், ஜெட் எயார்வேஸ் பறப்பதையே நிறுத்தியது. காரணம் கடன். அந்தக் கடைசி மாதங்களில் சம்பளம் இல்லாமலும் வேலை செய்தவர்களில் விமானிகளும் உண்டு.

அந்த ஐந்து நாளில் பயணி பட்ட கஷ்டத்துக்கு யார் பொறுப்பு? விமானிகளுக்கும் பங்கு இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் "இரண்டு பேரை ஏன் நீக்கினீர்கள்?" என்ற கேள்வியை அந்த நாட்களில் எத்தனை பயணி கேட்டிருப்பார்?

நம்ம நாட்டு விமான சேவையும் இதற்கு விலக்கல்ல. 2023இல் ஸ்ரீலங்கன் விமானங்கள் தாமதமாவது வாடிக்கையாகிப் போனது. ஏ320 நியோ வகை விமானங்களுக்கு மாற்று எஞ்சின் கிடைக்காமல் சில விமானங்கள் தரையில் நின்றன. உலகம் முழுக்க இருந்த எஞ்சின் பிரச்சினை அது. அதோடு 2022 நெருக்கடியில் ரூபா விழுந்ததும், விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். வாகனமும் குறைவு, சாரதியும் குறைவு என்றால் எந்த பஸ்ஸும் நேரத்துக்கு வராது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஆனாலும், போகாமல் இங்கேயே இருந்து ஓட்டுகிறவர்கள் ஏதாவது கேட்டால், அவர்கள்தான் முதலில் நாட்டுக்குத் துரோகி ஆகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சங்கங்கள் எல்லாம் சாமி என்று முடித்தால் அது நேர்மை இல்லை.

2023 செப்டெம்பரில் ரயில் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓடிய சில ரயில்களில் சனம் கூரை வரை ஏறியது. ஹொரபேயில் ரயில் கூரையில் பயணம் செய்த ஓர் இளைஞன் இறந்துபோனான். எங்கள் வயசுப் பொடியன். அன்றே அரசாங்கம் ரயில் சேவையை அத்தியாவசிய சேவையாக்கி வர்த்தமானி போட்டது. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை ரயிலை நம்பி கெம்பஸ் போகிற எங்களுக்கு, வேலைநிறுத்தம் யாரைச் சுடும் என்று தெரியும். கார் வைத்திருக்கிறவனை அது சுடுவதில்லை. ஒரு சங்கம் வேலையை நிறுத்த முடிவெடுத்தால், அந்த முடிவின் விலையில் ஒரு பங்குக்கு அது பதில் சொல்லத்தான் வேண்டும். முன்கூட்டியே சனத்துக்குச் சொன்னதா, வேறு வழி எல்லாம் முயன்றதா, கேட்பது தனக்கு மட்டுமா அல்லது பயணிக்கும் அதில் நன்மை உண்டா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் இரண்டு தாமதத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆள் வேலையை நிறுத்தியதால் வருகிற தாமதம் ஒன்று. ஆளே எடுக்காததால் வருகிற தாமதம் இன்னொன்று. முதலாவது எப்போதாவது வரும், பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும். இரண்டாவது தினமும் வரும், அதற்குச் செய்தியே இருக்காது. இரண்டாவதை முதலாவதின் கணக்கில் எழுதிவிடுவதுதான் நிர்வாகங்கள் செய்கிற வேலை. நாமும் கேள்வி கேட்காமல் பகிர்ந்துவிடுகிறோம்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். எங்கள் இடத்தில் அந்தப் பதினோராவது ஆள் வேறு உருவத்தில் இருக்கிறார்.

தேயிலைக் கம்பனிகள் அடிக்கடி சொல்கிற விஷயம், தொழிலாளியின் உற்பத்தித்திறன் குறைவு என்பது. மற்ற நாட்டில் ஒருவர் இவ்வளவு கிலோ எடுக்கிறார், இங்கே எடுப்பதில்லை என்பார்கள். ஆனால் பல மலைகளில் நிற்பது நூறு வருஷம் தாண்டிய விதைத் தேயிலை. மீள்நடுகை செய்யாத மலை, புல்லு வெட்டாத மலை, உரம் ஒழுங்காகப் போடாத மலை. நடப்படாத செடியில் கொழுந்து எடுக்க யாராலும் ஏலாது. ஆனால் நடப்படாத செடி யார் கண்ணுக்கும் தெரியாது. கூடையைச் சுமந்து மடுவத்தில் நிற்கிற அக்காதான் தெரிவார்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பிறகு பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது. அதை எடுக்காவிட்டால் அரைப்பேர். அதாவது சம்பளம் கூடிய அதே கையால் அளவும் கூடியது. 2024இல் 1,700 ரூபா என்று அறிவித்து, அது நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் அந்த வருஷம் செப்டெம்பரில் 1,350இல் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டு: "சங்கம் கேக்குறதைக் குடுத்தா தோட்டம் மூடணும்."

ஒரு விமானி எத்தனை மணிக்குப் பிறகு வேலை செய்யக் கூடாது என்பது மணித்தியாலக் கணக்கில் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒரு கொழுந்துக்காரி ஒரு நாளில் எத்தனை கிலோவுக்கு மேல் எடுக்கத் தேவையில்லை என்று அப்படி எங்கே எழுதியிருக்கிறது? பல இடத்தில் அது காலைப் பிரட்டில் வாயால் சொல்லப்படுகிற விஷயம். மழை பெய்தாலும், அட்டை கடித்தாலும், கொழுந்து இல்லாத மாதமாக இருந்தாலும்.

இதற்குக் காரணம் நம்ம ஆட்கள் போராடாதது அல்ல. 1931இலேயே கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் தொடங்கினார். மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடியே ஆட்களைத் திரட்டினார். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். சங்கத்தில் சேர்ந்தது ஒரு குற்றமாக இருந்த காலத்தில், உயிரைக் கொடுத்துச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

அப்படிப்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு இன்று சங்கம் என்றால் என்ன ஞாபகம் வருகிறது? சந்தா. கொடி. தேர்தல். தலைவர் வந்தால் மாலை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சி.எல்.எஃப். வளாகம் இருக்கிற கொட்டகலையிலேயே, எங்கள் வயசுக்காரர்களிடம் "சங்கத்துல சேருவியா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. பல வருஷம் செக்ரோலில் சந்தா வெட்டப்பட்ட ஒரு அம்மாவுக்கு, தன் பெயரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டியதில்லை என்றால், அந்த அம்மா அங்கத்தவரா, அல்லது வெறும் கணக்கா? விமானிகள் சங்கத்துக்கும் நம்ம சங்கங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சம்பளமில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். தன் விதியைத் தானே தெரிந்துவைத்திருக்கிற அங்கத்தவர்தான் வித்தியாசம். தன்னுடைய ஓய்வு எத்தனை மணி என்று ஒவ்வொரு விமானிக்கும் தெரியும். அதனால்தான் அவர்களால் நீதிமன்றம் வரை போக முடிந்தது.

நம்ம சங்கங்கள் மேல் கோபம் இருப்பது சரி. ஆனால் அந்தக் கோபம் "சங்கமே வேண்டாம்" என்று முடிந்தால், நஷ்டம் தலைவர்களுக்கல்ல, நமக்கு.

ஏனென்றால் நாம் இப்போது போகிற இடங்களில் சங்கமே இல்லை. ஓ.எல். எழுதிவிட்டோ ஏ.எல். எழுதிவிட்டோ கொழும்புக்குப் போகிற நம்ம பிள்ளைகள் புடவைக் கடையில், ஹோட்டலில், பாதுகாப்பு வேலையில், டெலிவரியில் நிற்கிறார்கள். காலை எட்டு மணிக்கு நின்றால் இரவு எட்டு மணிக்குத்தான் உட்காருவது என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு, வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலைநேரம் என்று அது சொல்கிறது. இதை நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல்தான் சட்டம் வந்தது. அதற்கு முன்பு கேரளாவில், புடவைக் கடைகளில் நின்றே காலம் தள்ளிய பெண்கள் சேர்ந்து பேசியதால்தான் அந்தப் பேச்சே தொடங்கியது. உட்காருவதற்கே ஒரு சங்கம் வேண்டியிருக்கிறது.

லட்சக்கணக்கில் சம்பளம் எடுக்கிற, ஆங்கிலம் பேசுகிற, சீருடை போட்ட ஒரு விமானியையே "ஓய்வு கேட்கிறான் பார்" என்று ஊர் கூடித் திட்ட முடியுமென்றால், புறக்கோட்டைக் கடையில் நிற்கிற நம்ம தங்கச்சி ஸ்டூல் கேட்டால் என்ன நடக்கும்? விமானிகள் பக்கம் பேசுவது அவர்கள் மேல் பாவப்பட்டு அல்ல. அவர்களுக்கு நம்ம பாவம் தேவையில்லை. "அசதியா இருக்கு, இதுக்கு மேல முடியாது" என்ற வசனத்தை வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய வசனமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறோம். அது மேலே தோற்றால் கீழே நிச்சயம் தோற்கும்.

ஒரு தகவல். இலங்கையில் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். 1935இலிருந்து அப்படித்தான். தலைவர், மாலை, மேடை எதுவும் சட்டத்தில் இல்லை. ஏழு பேரும் தங்களைப் பற்றிய விதியை வாசித்திருந்தால் போதும்.

இனி எங்கேயாவது பிளேனோ, ரயிலோ, பஸ்ஸோ, சம்பளமோ தாமதமானால், திட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த அட்டவணையைப் போட்டது யார்? அதை ஓட்ட எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேரை எடுத்தார்கள்? எடுக்காத ஆளின் சம்பளம் யார் பையில் இருக்கிறது?

பதில் சங்கத்தைக் காட்டினால் சங்கத்தைத் திட்டுங்கள், நாங்களும் சேர்ந்து திட்டுகிறோம். ஆனால் அநேகமான தடவை அது வேறு யாரையோ காட்டும்.